புதிய தடுப்பூசியும் மலையகத் தாய்மாரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிறந்த குழந்தைகளைத் தாக்கும் பக்டீரியாத் தொற்றுக்கு எதிரான புரதத் தடுப்பூசிகள் பற்றித் தங்கள் சுகாதாரப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தோட்டப்புறங்களில் நெடுங்காலம் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தவள் என்ற முறையில் அதை வரவேற்கிறேன். ஆயினும், கர்ப்பிணிக்குப் புரதத்தை ஊசியாகப் போடுவது இதுவரை எவரும் கேள்விப்படாத புதுமை என்பதுபோல் கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியன்று. நமது கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்குப் பல தசாப்தங்களாகப் போடப்பட்டுவரும் ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசியும் புரதத் தடுப்பூசியே. ஏற்புக் கிருமி சுரக்கும் நச்சுப் புரதத்தின் நஞ்சை நீக்கித் தாய்க்குச் செலுத்துகிறோம். அவளுடலில் உருவாகும், கிருமியை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தை (நச்சுக்கொடியை) கடந்து குழந்தையை அடைகின்றன. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் தாய், சேய் ஏற்புநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிக்கப்பட்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்ததற்கு அந்த ஊசியும் முக்கிய காரணம்.

கட்டுரையில் முதன்மையாகப் பேசப்பட்ட பி பிரிவு ஸ்ட்ரெப்டோகொக்கஸ், பல பெண்களின் குடலிலும் பிறப்புவழியிலும் அவர்களுக்கு எந்தத் தொல்லையும் தராமல் வாழும் கிருமி. பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றினால்தான் அதன் கொடுமை தெரியும்: முதல் வாரத்திலேயே, பெரும்பாலும் முதல் நாளிலேயே, மூச்சுத்திணறலும் குருதித் தொற்றும் ஏற்படும், ஒரு வாரத்துக்குப் பின் மூன்று மாதம் வரையில் வருவது பல வேளைகளில் மூளையுறை அழற்சியாகவே வரும். உலக சுகாதார நிறுவனமும் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியும் 2021 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இக்கிருமியால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் குழந்தைகள் இறக்கின்றன. ஏறத்தாழ 46,000 குழந்தைகள் இறந்தே பிறக்கின்றன. இந்த வேகத்தில் வரும் நோய்க்குக் குழந்தை பிறந்தபின் ஊசி போட்டுப் பயனில்லை. தாயிடம் போதிய பிறபொருளெதிரி இல்லாத குழந்தைகளையே இந்நோய் பற்றுகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்களான கரோல் பேக்கரும் டெனிஸ் காஸ்பரும் 1976 இலேயே எடுத்துக்காட்டினர். தாய்க்குத் தடுப்பூசி என்ற எண்ணத்தின் அடிப்படை அதுதான்.

வசதியுள்ள பல நாடுகளில் இப்போது செய்யப்படுவது வேறு. கர்ப்பத்தின் 36 ஆவது வாரமளவில் பரிசோதித்து, கிருமி இருந்தால், பிரசவத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேரத்துக்கு முன் பென்சிலினை நாளத்தில் ஏற்றுவார்கள். நல்ல முறைதான், ஆனால் அது முதல் வார நோயைத் தடுக்குமே தவிரப் பிந்தி வருவதைத் தடுக்காது. அந்த நான்கு மணி நேரம் மலையகத்தில் எங்கிருந்து வரும் என்பதையும் யோசிக்க வேண்டும். மேல் டிவிசன் லயத்தில் நள்ளிரவில் வலி கண்டவளை, மண் சரிந்த பாதையில் தோட்டத்து லொறியிலோ முச்சக்கர வண்டியிலோ ஏற்றி வைத்தியசாலை சேர்ப்பதற்குள் பனிக்குடம் உடைந்துவிட்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். வாரங்களுக்கு முன்பே கிளினிக்கில் போட்டுவிடக்கூடிய ஒரு ஊசி இத்தாய்மாருக்கே அதிகம் பயன்படும்.

கிருமியின் மேலுறை வகைகள் பத்து உண்டு. பைசர் நிறுவனம் பரிசோதித்துவரும் தடுப்பூசி அவற்றில் ஆறு வகைகளின் உறைச் சர்க்கரையைப் புரதத்தோடு இணைத்தது. டென்மார்க்கின் மினர்வாஎக்ஸ் நிறுவனத்தின் தடுப்பூசியோ உறையை விட்டுவிட்டு, கிருமியின் மேற்பரப்பிலுள்ள ரிப், அல்பா-சி ஆகியவற்றையும் அவற்றையொத்த புரதங்களையும் குறிவைக்கிறது. உறை வகை மாறினாலும் இப்புரதக் குடும்பத்தில் ஏதேனும் ஒன்று பெரும்பாலான கிருமிகளில் இருக்கும் என்பதே அதன் பலம். டென்மார்க், பிரித்தானியா, தென்னாபிரிக்கா, உகண்டா ஆகிய நாடுகளில் கர்ப்பிணிகளிடம் அது பரிசோதிக்கப்பட்டுள்ளது.

ஏற்பு ஊசியைப் போலவே இதிலும் அலுமினியச் சேர்மம் கலந்திருப்பதால் இது உறையக் கூடாது எனலாம். மலையகத்தில் குளிர்தானே, மருந்து கெடாது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில், இத்தகைய மருந்துக்கு வெயிலைவிட ஐஸ்தான் பெரிய ஆபத்து. குளிர்ப்பெட்டியில் வைப்பதற்கு முன் ஐஸ் பொதிகளை வெளியே எடுத்து, காதருகே குலுக்கி, உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருப்போம். அவசரத்தில் அதை விட்டால், ஐஸைத் தொட்டிருந்த குப்பியினுள் மருந்து திரிதிரியாகப் பிரிந்து அடியில் படிந்துவிடும். அதைக் கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. புதிய ஊசி வந்தாலும் இந்தப் பழக்கம் தெரிந்த கைகள் தேவை.

கட்டுரையாளர் தொடாத இரண்டு விடயங்கள் உள்ளன. தாயின் பிறபொருளெதிரி குழந்தைக்குப் பெருமளவில் கடப்பது கடைசி மூன்று மாதங்களில்தான். ஆகவே குறைமாதத்தில் பிறப்பவர்களுக்கு அது போதிய அளவு கிடைப்பதில்லை. ஊசி போடும் வாரத்தைத் தீர்மானிப்பவர்கள் இதை மறக்கலாகாது. மற்றது, தெற்காசியாவில் பச்சிளங் குழந்தைகளின் குருதித் தொற்றுக்குக் கிளெப்சியெல்லா போன்ற கிருமிகளே முன்னிற்கின்றன. பல நுண்ணுயிர்க்கொல்லிகள் அவற்றிடம் எடுபடுவதில்லை. அவற்றுக்கான தடுப்பூசி ஆய்வுகள் இன்னும் பின்தங்கியே உள்ளன. பி பிரிவுத் தடுப்பூசி வந்தவுடன் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையைத் தாய்மாருக்கு ஊட்டுவது நியாயமல்ல.

எனவே நாம் இப்போதே செய்யக்கூடியது ஒன்றுதான். மலையக வைத்தியசாலைகளில் தொற்று எனச் சந்தேகிக்கப்படும் ஒவ்வொரு பச்சிளங் குழந்தைக்கும், மருந்து தொடங்குமுன் குருதி எடுத்துக் கிருமி வளர்ப்புப் பரிசோதனை செய்ய வசதி வேண்டும். எந்தக் கிருமி, எந்த வகை, எந்த மருந்துக்குப் படிகிறது என்பதைத் தோட்டப்புறத் தாய்மாருக்குத் தனியாகப் பதிந்துவர வேண்டும். எந்தத் தடுப்பூசியை வாங்குவது என்று கொழும்பில் அமர்ந்து முடிவெடுக்கும் நாளில், நமது குழந்தைகளைப் பற்றிய கணக்கும் அந்த மேசையில் இருக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
பொகவந்தலாவை.