வாசலில் பதினோரு பேப்பர்

ஆசிரியருக்கு வணக்கம்.

தனியாக வசித்த ஒருவரின் உடல் பல நாள் கழித்து மீட்கப்பட்ட செய்தியை நம் நாளிதழில் படித்தேன். படித்தவர்கள் எல்லாரும் கேட்டது, சொந்தபந்தங்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைக் கேட்டதோடு மற்றவர்கள் கை கழுவிவிடுகிறோம்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. என் சித்தப்பா கல்யாணம் செய்துகொள்ளாதவர், அப்பாவோடு பேச்சு நின்று பல வருஷம். கதவை உடைத்த அன்று வாசலில் பதினோரு பேப்பர் கிடந்தது, எண்ணிப் பார்த்தேன், ஒன்றில்கூட ரப்பர் பேண்டு கழற்றவில்லை. நான் அனுப்பியிருந்த பிறந்தநாள் வாழ்த்து ஒற்றை டிக்கோடு நின்றுபோயிருந்தது. அதை நான் அப்போதே கவனித்தேன், போனை அணைத்து வைத்திருப்பார் என்று விட்டுவிட்டேன். சித்தப்பா ஊருக்குப் போயிருப்பார் என்று பேப்பர் போடுகிறவர் நினைத்தாராம். ராத்திரியும் பகலும் விளக்கு எரிந்ததை எதிர்வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். ஆளுக்கொரு துண்டு தெரிந்திருந்தது, சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

குடும்பம் உடைந்துபோன இடத்தில் வேறு யாராவது கவனிப்பார்கள் என்று பார்த்தால், அவர்கள் பணத்தை மட்டும்தான் கவனிக்கிறார்கள். லண்டனில் 2003 கடைசியில் இறந்த 38 வயதுப் பெண்ணை 2006 ஜனவரியில்தான் கண்டுபிடித்தார்கள், அதுவும் வாடகை பாக்கிக்காக வந்தவர்கள் கதவைத் திறந்ததால். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்ததாம். வாடகையில் ஒரு பகுதி அரசு உதவியிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இப்போது எல்லாமே ஆட்டோ டெபிட், கணக்கில் பணம் இருக்கும்வரை வங்கிக்கும் தெரியாது, மின்வாரியத்துக்கும் தெரியாது.

ஜப்பானில் இப்படிச் சாவதற்கு கொடோகுஷி என்று பெயரே வந்துவிட்டது. 2024இல் தனியாக வசித்து வீட்டிலேயே இறந்தவர்கள் 76,020 பேர் என்கிறது அந்நாட்டுப் போலீஸ் கணக்கு, முக்கால்வாசிப் பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். எல்லாரும் கவனிப்பாரின்றிக் கிடந்தவர்கள் அல்ல, பலரை ஓரிரு நாளிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே பல நகராட்சிகள் மின்சார, எரிவாயு நிறுவனங்களோடும் பேப்பர் போடுகிறவர்களோடும் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. வாசலில் பேப்பர் குவிந்தாலோ மீட்டர் அசையாமல் நின்றாலோ தகவல் போய்விடும்.

தனியாக இருப்பது அவரவர் விருப்பம், அதில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். என் சித்தப்பாவே அப்படித்தான் சொல்லியிருப்பார், போய் நலம் விசாரித்தால் கதவைச் சாத்தக்கூடியவர். சரி, தினமும் யாரும் போக வேண்டாம். மூன்று நாள் பேப்பர் எடுக்காமல் கிடந்தால் மட்டும் மணியை அடித்துப் பார்க்கலாமே, அவர் வந்து திட்டினால் திட்டட்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சந்தா படிவத்தில் முகவரிக்குக் கீழே, பேப்பர் எடுக்கப்படாமல் கிடந்தால் யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். சித்தப்பா அதில் என் நம்பரை எழுதியிருப்பாரா என்று தெரியவில்லை. அப்பாவின் நம்பரை நிச்சயம் எழுதியிருக்க மாட்டார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்