பெயரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நேட்டாலுக்கு (இன்றைய தென்னாப்பிரிக்காவின் ஒரு பகுதி) ஒப்பந்தக் கூலியாகப் போன பாட்டிமாரைத் தேடுவது பற்றிய கட்டுரையில், கப்பல் பட்டியலில் பெயரைப் பார்த்தால் போதும் என்கிறீர்கள். போதாது. முனியம்மா எத்தனை பேர்! காதில் விழுந்ததைக் குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். செல்லம்மா ‘எஸ்’ வரிசையிலும் இருக்கலாம், ‘சி’ வரிசையிலும் இருக்கலாம். இன்று குடும்பப் பெயராக நிற்கும் நாயுடுவும் பிள்ளையும் அவள் பெயரோடு இராது. பக்கத்துக் கட்டத்தில் தகப்பன் பெயர்தான் இருக்கும்.

தேட வேண்டியது காலனி எண்ணை, அதாவது வந்த ஒவ்வொரு கூலிக்கும் பதிவேட்டில் கொடுத்த எண்ணை. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனுக்கு வந்தது முதல் 1911 வரை இறங்கிய சுமார் 1,52,000 பேருக்கும் எண் உண்டு. அங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பு, திருமணப் பதிவுகளில் பெற்றோரின் எண் பெரும்பாலும் இருக்கும்; அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள். இறந்தவரின் சொத்துக் கோப்பில் உள்ள மரண அறிவிப்புப் படிவமும் உதவும், ஆனால் அதை நிரப்பியது உறவினர். பாட்டியின் தாய் தகப்பன் பெயரை அவர் தவறாகச் சொல்லியிருக்கக்கூடும்.

‘1870-இல் வந்தாள்’ என்று வீட்டில் சொன்னால் நம்பாதீர்கள். 1866-க்குப் பிறகு 1874 வரை கூலிக் கப்பலே வரவில்லை.

எண் கிடைத்தால் முன்னும் பின்னும் பத்துப் பெயரையாவது பாருங்கள். குடும்பமாக ஏறியவர்களுக்கு எண் அடுத்தடுத்து வரும். அதற்காக அடுத்த எண்காரனை ஊரில் தாலி கட்டியவன் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கப்பலுக்குக் காத்திருந்த சென்னை டிப்போவிலேயே ஜோடி சேர்ந்து கப்பலேறியவர்களும் உண்டு. ஒரே பெயரில் இருவர் வந்தால் வயதோடு அங்க அடையாளக் கட்டத்தையும் பாருங்கள். மச்சம், தழும்பு, பச்சை குத்தியது எல்லாம் அதில்தான். (மொரிஷியஸ் போனவர்கள் பலருக்குப் புகைப்படமே இருக்கிறது, மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் கேட்கலாம்.)

கடைசியில் ஊர். ஜில்லா, தாணா (போலீஸ் சரகம்), கிராமம் என மூன்று கட்டங்கள். மூன்றையும் சேர்த்தே படியுங்கள், அதுவும் அன்றைய எல்லைப்படி. வட ஆற்காடு என்றிருந்தால் வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மட்டும் தேடினால் பாதிதான். 1911 வரை சித்தூரும் அந்த ஜில்லாதான். ஊர் இன்று ஆந்திராவில் இருக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், வேலூர்