காணாமற்போன பிராணியை முதலில் அருகில் தேடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் ‘காணவில்லை’ பகுதியில் வளர்ப்பு நாய்களையும் பூனைகளையும் பற்றிய அறிவிப்புகள் அடிக்கடி வருகின்றன. அவற்றின் அருகிலேயே, தேடும் முறை பற்றியும் சில வரிகள் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். பிராணியைத் தொலைத்துவிட்டுத் தவிப்பவர்கள் பதற்றத்தில் வெகுதூரம் அலைகிறார்கள். தெருத்தெருவாகப் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிடுகிறார்கள். பல நேரங்களில் இவ்விரண்டுமே தேடலைக் கெடுத்துவிடுகின்றன.

பூனையின் இயல்பை அறிந்தால் இது விளங்கும். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை தவறி வெளியே போய்விட்டால் ஊரைச் சுற்றக் கிளம்பிவிடுவதில்லை. பழக்கமில்லாத ஓசையும் வாடையும் சூழ்ந்த அச்சத்தில், கைக்கெட்டும் தூரத்திலுள்ள ஏதாவதோர் இருண்ட இடுக்கில் புகுந்துகொண்டு, வளர்த்தவரே வந்து கூப்பிட்டாலும் குரல் கொடுக்காமல் அசையாது கிடக்கும். காணாமற்போன 1,210 பூனைகளைப் பற்றி 2018இல் வெளியான ஓர் ஆய்வில், கண்டுபிடிக்கப்பட்டவற்றுள் முக்கால் பங்கு, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்ததாகத் தெரியவந்தது. ஆகவே மாடிப்படியின் அடிப்புறம், நிறுத்தி வைத்த வாகனத்தின் கீழ், அடுத்த வீட்டுக் கொட்டகை, விறகுக் குவியல், மூடிய கழிவுநீர்க் கால்வாயின் வாய் என ஒவ்வொன்றையும் குனிந்து பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் “பூனையைப் பார்த்தீர்களா?” என்று கேட்டுவிட்டு நகர்வது போதாது. அவர்கள் கண்ணில் அது பட்டிராது என்பதுதானே சிக்கல்! அனுமதி பெற்று நாமே உள்ளே சென்று தேட வேண்டும். பூட்டிக் கிடக்கும் அறைகளையும் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். பொருள் எடுக்கக் கதவைத் திறந்தபோது நுழைந்த பூனை உள்ளேயே அடைபட்டுவிடுவதுண்டு.

ஊர் அடங்கிய இரவு நேரமே பூனையைத் தேட மிகவும் ஏற்றது. டார்ச்சை நம் கண்மட்டத்தில் பிடித்து மெல்லச் சுழற்றினால், அதன் விழியின் பின்புறமுள்ள ஒளி எதிரொளிக்கும் படலம் பளிச்சென்று மின்னிக் காட்டிக்கொடுக்கும்.

நாயின் நிலை வேறு. அதன் கால்கள் வேகமானவை. வெடிச்சத்தத்துக்கு மிரண்டு ஓடிய நாய் சில மணி நேரத்தில் நெடுந்தூரம் போய்விடக்கூடும். அதனால் நாயைத் தேடும்போது பரப்பை விரைவாக விரிக்க வேண்டும், பலருடைய உதவியையும் நாட வேண்டும். ஆனால் அதைக் கண்டதும் துரத்துவது மிகப் பெரிய ஆபத்து. அச்சத்தின் உச்சத்தில் இருக்கும் நாய் தன்னை வளர்த்தவரைக்கூட அடையாளம் காணாமல் ஓடும். ஓடுகிற பாதையில் வாகனங்கள் வரும். கண்டவுடன் தரையில் அமர்ந்து, முகத்தை நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசியபடி தின்பண்டத்தை அருகில் போட்டுக் காத்திருப்பதே அதனைத் தானாக வரவழைக்கும் வழி. உதவிக்கு வருகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நல்லெண்ணத்துடன் ஐந்தாறு பேர் சூழ்ந்துகொண்டால் போதும், நாய் மறுபடியும் ஓடிவிடும்.

கிளி போன்ற பறவைகள் உயரமான கிளையில் அமர்ந்துவிட்டு இறங்கத் தெரியாமல் தவிக்கும். அவற்றின் கூண்டை உணவோடு திறந்த வெளியில் கண்ணில் படும்படி வைத்து, காலையிலும் அந்தி சாய்வதற்கு முன்பும் பழகிய குரலில் அழைப்பது நல்லது.

இனி அறிவிப்புகளைப் பற்றி. தங்கள் இதழில் வருபவற்றுள் பல, பிராணியின் எல்லா அடையாளங்களையும் கொட்டிவிடுகின்றன. அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தெளிவான படம், தொலைந்த இடம், நாள், தொலைபேசி எண் ஆகியவை போதும். வயிற்றடியில் உள்ள ஒரு மச்சத்தையோ பழைய தழும்பையோ வெளியிடாமல் வைத்துக்கொண்டால், “உங்கள் நாய் என்னிடம் இருக்கிறது, முதலில் பணம் அனுப்புங்கள்” என்று அழைப்பவரை அந்த ஒரு கேள்வியிலேயே இனங்காணலாம். துயரத்தில் இருப்பவரை ஏமாற்றுவது எளிது என்று அறிந்தே சிலர் இதைச் செய்கிறார்கள் என்பது நெஞ்சைச் சுடுகிறது.

காப்பகங்களுக்கும் கால்நடை மருத்துவமனைகளுக்கும் தொலைபேசியில் விவரம் சொல்வதோடு நின்றுவிடாமல், நேரில் சென்று பார்க்க வேண்டும். ஒருவர் பழுப்பு என்று சொல்லும் நிறத்தை மற்றொருவர் செம்மை என்று பதிவேட்டில் எழுதியிருக்கலாம். மைக்ரோசிப் பொருத்திய பிராணி தானே இடம் காட்டும் என்று நம்பியிருப்பவர்களும் உண்டு. தோலுக்கடியில் வைக்கப்படும் அந்த அரிசியளவுச் சில்லில் மின்கலமே கிடையாது. படிப்பான் கருவியை அருகில் கொண்டுசென்றால் ஓர் எண்ணை மட்டும் தரும். அந்த எண்ணோடு பதிவாகியிருக்கும் தொலைபேசி எண் பழையதாக இருந்தால் சில்லால் பயனில்லை. பிராணி தொலைந்த அன்றே அதைச் சரிபார்த்துத் திருத்துவது அவசியம்.

தங்களிடம் நான் வேண்டுவன இரண்டு. ‘காணவில்லை’ அறிவிப்புகளை ஏற்கும்போது, ஓர் அடையாளத்தை மறைத்துவைக்குமாறு விளம்பரதாரருக்கு அறிவுறுத்துங்கள். பிராணி கிடைத்துவிட்டால் அச்செய்தியையும் ஒரு வரியில் வெளியிடுங்கள்; இன்னும் தேடப்படுபவை எவை என்பது வாசகர்களுக்குத் தெரிந்தால், அவர்கள் அவற்றின்மீது கண் வைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்