‘செரிங்க’ வேண்டாம் கண்ணுகளா

கட்டுப்பாட்டு அறைக்கும் விமானி இருக்கைக்கும் போகவிருக்கிற நம் கொங்குச் சீமைப் பிள்ளைகளுக்கு,

கண்ணுகளா, அம்மிணிகளா,

என் பேத்தி போன மாதம் பிரயாக்ராஜுக்கு ரயில் ஏறினாள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பயிற்சி. அந்த வேலைக்கான பரீட்சைக்கு ஈரோட்டிலும் பெருந்துறையிலும் கோவையிலும் இன்னும் எத்தனையோ பேர் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அவள்தான் சொன்னாள். கடன் வாங்கியாவது விமானியாகிவிட வேண்டுமென்று நிற்கிற பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். நான் பீளமேட்டுப் பக்கம் ஒரு நூல் மில்லில் 31 வருடம் எலக்ட்ரீசியனாக இருந்தவன். விமானம் எங்கள் ஷெட்டுக்கு மேலே தாழப் பறந்து இறங்கும். அதைத் தவிர எனக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் உங்களுக்கு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

1984-ல் ஒரு ராத்திரி ஷிஃப்ட். எட்டாம் நம்பர் ரிங் ஃபிரேமில், அதாவது நூல் நூற்கிற மெஷினில், ரிப்பேர். நான் பேனல் ரூமில் இருந்தேன். ஷெட்டுக்குள்ளிருந்து ஃபிட்டர் போனில் கத்துகிறார்: “எட்டை இப்பப் போடாதீங்க.” ஸ்பிண்டில் இரைச்சலில் என் காதுக்கு வந்தது, “எட்டை இப்பப் போடுங்க.” நான் “செரிங்க” என்று வைத்துவிட்டேன். அவரும் அந்த ‘செரிங்க’வைக் கேட்டு நிம்மதியாக மறுபடி கியருக்குள் கையை விட்டார். சுவிட்சுக்குப் பூட்டுப் போடும் வழக்கம் அப்போது அங்கே இல்லை. நான் சுவிட்சைப் போட்டேன். அவருடைய வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

நம் மொழியில் ‘போடு’வுக்கும் ‘போடாதே’வுக்கும் நடுவில் இருப்பது ஒரு ‘ஆதே’ மட்டும்தான். அது இரைச்சலில் கரைந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை, காது தவறுவது இயற்கை. “எட்டாம் நம்பரைப் போடறேனுங்க” என்று நான் கேட்டதைத் திருப்பிச் சொல்லியிருந்தால், “ஐயோ வேண்டாமுங்க” என்று அவர் அலறியிருப்பார். ‘செரிங்க’வில் எண்ணும் இல்லை, செய்யப்போகும் வேலையும் இல்லை. அதற்குள் அவர் தன் அர்த்தத்தை வைத்துக்கொண்டார், நான் என்னுடையதை வைத்துக்கொண்டேன்.

பல வருடம் கழித்து டெனெரிஃப் விபத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. 1977 மார்ச் 27. ஸ்பெயினைச் சேர்ந்த அந்தத் தீவில் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747. டச்சு விமானத்தின் துணை விமானி, தாங்கள் ‘டேக் ஆஃபில்’ இருப்பதாகச் சொன்னார். கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார். அவர்களோ ஓடவே தொடங்கியிருந்தார்கள். கட்டுப்பாட்டாளர் சொன்ன முதல் வார்த்தை “ஓகே”. அதற்குப் பிறகு “காத்திருங்கள், கூப்பிடுகிறேன்” என்றார். அதே நொடியில் அமெரிக்க விமானமும், தான் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாகப் பேசியது. ரேடியோவில் இரண்டு குரலும் மோதியதில் டச்சு விமானிகளுக்குக் கிடைத்தது அந்த “ஓகே”யும் ஒரு கீச்சொலியும்தான். 583 பேர் இறந்தார்கள். அந்த “ஓகே” எங்கள் மில்லில் நான் சொன்ன ‘செரிங்க’வேதான்.

அதற்குப் பிறகுதான், கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறு எதற்கும் ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை எடுக்கக்கூடாது என்ற முறை உலகமெங்கும் வந்தது. உயரம், திசை, ஓடுபாதை எண் எல்லாவற்றையும் விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். அது சரிதானா என்று கட்டுப்பாட்டாளர் காது கொடுக்க வேண்டும். ‘ரோஜர்’ என்றால் நீ சொன்னது வந்து சேர்ந்தது என்று மட்டும்தான் பொருள். திருப்பிச் சொல்ல வேண்டிய இடத்தில் அது பதிலாகாது. இதையெல்லாம் உங்களுக்குப் பாடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். நம் வீட்டு வளர்ப்பு அதற்கு எங்கே குறுக்கே வரும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

நாம் மரியாதைக்காரர்கள். பெரியவர் ஒன்று சொன்னால் புரியாவிட்டாலும் “செரிங்க” என்போம். மறுபடி கேட்டால் அவரை அவமதித்ததாக நினைப்போம். நமக்கு அவசரமென்றாலும் “கொஞ்சம் பாருங்க” என்றுதான் வாய் வரும். 1990 ஜனவரி 25-ல் நியூயார்க்கில் இறங்க வந்த கொலம்பிய விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் சுற்ற வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்கிறது. துணை விமானி ‘முன்னுரிமை’ கேட்டார், எரிபொருள் குறைகிறது என்றும் சொன்னார். ‘அவசரநிலை’ என்ற சொல்லை மட்டும் கடைசி வரை சொல்லவில்லை. என்ஜின்கள் அணைந்து மலைச்சரிவில் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள். அந்த மனிதரின் தயக்கம் எனக்குப் புதிதாகவே படவில்லை. நம் ஊரில் அப்படித்தான் கேட்பார்கள். உங்கள் விமானத்தில் எண்ணெய் தீர்ந்தால் ‘மேடே’ என்ற ஆபத்து அழைப்பை மூன்று முறை சொல்லுங்கள். அங்கே மரியாதை பார்க்காதீர்கள்.

நம் நாட்டிலேயே, 1996 நவம்பர் 12-ல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரியில் 349 பேர் போனார்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய கசகஸ்தான் விமானம் கீழே இறங்கி, 14,000 அடியில் வந்த சவூதி விமானத்தோடு மோதியது. அந்த விமானிகளுக்கு ஆங்கிலம் போதாது என்று விசாரணை சொன்னது. நம் பிள்ளைகள் ஆங்கிலம் சரளமாகப் பேசுவீர்கள். ஆனால் சரளம் வேறு, கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்வது வேறு.

டெனெரிஃபை மறுபடி சொல்கிறேன், மன்னியுங்கள். ஓடத் தொடங்கிய விமானத்துக்குள் ஃப்ளைட் என்ஜினியர், அந்த அமெரிக்க விமானம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார். அதோடு பேச்சு நின்றது. கேட்டவர் சரியாகத்தான் கேட்டார். இன்னொரு முறை கேட்க அந்த இடம் விடவில்லை. உங்களில் யாராவது கேப்டனானால், உங்களிடம் இரண்டாம் முறை கேட்கிற பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள்.

அந்த ஃபிட்டர் இப்போதும் திருப்பூரில்தான் இருக்கிறார். கல்யாணங்களில் பார்த்தால் இடது கையை நீட்டுவார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. இந்த மடலை அவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

சோமனூரில் என் வீட்டை ஒட்டித் தறிக் குடோன் இருக்கிறது, 12 தறி. பயிற்சிக்குப் போகுமுன் ஒரு நாள் வாருங்கள். தறி ஓடும்போது நான் ஒரு மூலையில் நின்று எண்கள் சொல்கிறேன். நீங்கள் மறு மூலையிலிருந்து அதையே திருப்பிச் சொல்லுங்கள். காதில் விழாவிட்டால், “மறுபடி சொல்லுங்க” என்று கத்துங்கள். பேத்தி போவதற்கு முன் நான்கு சாயங்காலம் அப்படித்தான் நின்றாள். அம்மிச்சியிடம் சொல்லி உங்களுக்கும் காப்பி போட்டு வைக்கிறேன்.

உங்கள்
மில் எலக்ட்ரீசியன் அப்பச்சி,
சோமனூர்