ஐகொனை மாத்திப்போட்டு வயசுபோன ஆக்களைக் குறை சொல்லாதேங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பரில, வயசுபோன ஆக்கள் ஸ்மார்ட்போன் பழகப் பஞ்சிப்படுகினம் எண்டு ஒரு கட்டுரை வந்தது. நான் யாழ்ப்பாணம் டவுனில போன் திருத்துற கடையில நிக்கிறனான், எனக்கு அது சரியாப் படேல்லை. அவை வடிவாப் பழகிட்டினம், பழகின ஐகொனை, அதான் ஆப்பில அமத்துற சின்னப் படங்களைத்தான் அப்டேட் எண்டு சொல்லி மாத்திப்போடுறாங்கள்.

ஒரு அம்மா வந்து, "தம்பி, லைட் பில் கட்டுறது அழிஞ்சு போச்சு" எண்டு போனை நீட்டுறா. பாத்தா அழியேல்லை. அந்த வங்கி ஆப்பில முந்தி லைட் பில்லுக்கு மஞ்சள் பல்ப், ரீலோட்டுக்கு பச்சைப் போன். இப்ப எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில நூல் மாதிரிக் கோடு, கீழ இருந்த எழுத்தையும் தூக்கியாச்சு. கட்டராக்ட் இருக்கிற மனிசி நிறத்தையும் உருவத்தையும் வச்சுத்தானே இவ்வளவு நாளும் காசு கட்டினவ?

பெரிய கொம்பனியளும் இப்பிடித்தான். 2013 இல ஐபோனை ஓட்டுற மென்பொருள் ஐஓஎஸ் 7 வரேக்க ஆப்பிள் நிழல், பளபளப்பு எல்லாம் எடுத்துத் தட்டையாக்கினது, எது பட்டன் எது சும்மா எழுத்து எண்டு தெரியேல்லை எண்டு சனம் கத்தின பிறகு 7.1 இல பட்டனுக்கு உருவம் காட்டுற செட்டிங் வந்தது. 2025 இல ஐஓஎஸ் 26 கண்ணாடி மாதிரி, அதுக்கும் பிறகு 26.1 இல அந்தக் கண்ணாடி ஊடுதெரியிறதைக் குறைக்கத் தனிச் செட்டிங். உந்த செட்டிங்குகளைத் தேடிப் பிடிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு அது தேவையே இல்லை, தேவையான ஆள் அங்க போகாது! கூகிள் 2020 இல ஜிமெயில், கலண்டர், டிரைவ், மீட் எல்லாத்துக்கும் அதே சிவப்பு மஞ்சள் பச்சை நீலம் பூசி விட்டது, சின்னனா வரிசையில நிக்கேக்க எனக்கே ஒருக்கா உத்துப் பாக்கவேணும்.

தட்டைப் படம் கூடாதெண்டு நான் சொல்ல வரேல்லை, சின்னப் போனிலயும் பெரிய ஸ்கிரீனிலயும் அது உடையாமல் நிக்கும். படம் பழசா இருக்கிறதும் பிரச்சினை இல்லை, எங்கட கடைப் பெடியன், முந்திக் கொம்பியூட்டரில தகவல் சேமிச்சு வச்ச பிளாப்பித் தட்டைக் கையில தொட்டதே இல்லை, ஆனா சேவ் பண்ண அந்தப் படத்தைத்தான் அமத்துறான், ஏனெண்டா அதை ஒருத்தரும் பெரிசா மாத்தேல்லை.

இஞ்சத்தை வங்கியள் ஐகொனை மாத்தினா மாத்தட்டும், நிறத்தை மட்டும் மாத்தாமல் அப்பிடியே வச்சுக்கொண்டு, கீழ தமிழில 'மின் கட்டணம்' எண்டு ஒரு சொல் போடச் சொல்லி உங்கட பேப்பரில ஒருக்கா கேளுங்கோ.

இப்படிக்கு,
போன் கடைக்காரன், யாழ்ப்பாணம்