நேரத்தோடு தூங்கு, செல்வி

பூம்பாறை,
சனிக்கிழமை இரவு

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை மூன்று முறை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. வேலை இருந்திருக்கும் என்று அம்மா சொன்னாள். பிறகு நீயே இரவு இரண்டேகால் மணிக்குக் கூப்பிட்டாய். அந்த நேரத்தில் ஏன் விழித்திருக்கிறாய் என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. கேட்காமல், இங்கே மழை என்று சொல்லி வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். முப்பத்தாறு வருடம் கரும்பலகையில் எழுதியவனுக்கு, பேச வராதது எழுத வரும்.

இரவில் நேரத்தோடு தூங்கு. ஒன்பது மணிக்குள் சாப்பிட்டுவிடு. போனைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளாதே. காப்பியை மாலையோடு நிறுத்து.

அம்மா பார்சல் அனுப்பியிருக்கிறாள். நம் மேல்படிக்கட்டுப் பூண்டு இரண்டு கிலோ, தாண்டிக்குடி அத்தை கொடுத்த மிளகு, ஊறுகாய் ஒரு பாட்டில். பூண்டு இந்தப் போகம் பல் சிறுத்துவிட்டது. வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டை இறக்கியும் கூலிக்குத்தான் சரியாக இருந்தது. ஐப்பசி மழையில் பாதையில் மண் சரிந்து ஒரு நாள் பஸ் வரவில்லை. இதையெல்லாம் பிறகு விவரமாக எழுதுகிறேன். உன் அறைத்தோழி அம்மாவிடம் பேசினாள். அவளைக் கோபிக்காதே, நல்ல பெண். நீ பதினைந்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்றும், ஜன்னலுக்குச் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறாய் என்றும் சொன்னாள். வெயிலுக்காக இருக்கும் என்று அம்மா சொல்கிறாள். நானும் வெயிலுக்காகத்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணனுக்கு இந்த மாத ஊசி போட்டாயிற்று. முதல் தடவை போனபோது மருந்து வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் பஸ்ஸைப் பிடிக்க நாலு மணிக்கு எழுந்து, குளிருக்கு இரண்டு சட்டை போட்டு, மலை இறங்கி, டோக்கன் வாங்கி, பதினொன்றரை வரை உட்கார்ந்து, கிடைத்தது அந்த ஒரு வரி. மாத்திரையும் பதினைந்து நாளைக்குத்தான். மலையில் இருப்பவனுக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் இறங்கி ஏறுவது என்றால் என்ன என்று மருந்துப் பட்டியல் போடுகிறவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு நாள் கூலி போகும், இரண்டு பேர் பஸ் செலவு, அவனை ஓரிடத்தில் உட்காரவைக்கிற பாடு வேறு. மருந்து விட்டுப்போனால் மூன்றாம் வாரம் அவன் பேச்சு மாறுவது உனக்குத் தெரியும். அப்போது ஊர் அவனைச் சொல்லும், எங்களைச் சொல்லும். மருந்து வராததை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அவனுடைய மாற்றுத்திறனாளி அட்டை விஷயத்தில் நீ பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன். சான்றிதழுக்குப் போன அன்று நாம்தான் அவனுக்குத் தலைவாரி, தேய்த்த சட்டை போட்டுக் கூட்டிப்போனோம். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னான். நன்றாகத்தானே பேசுகிறார் என்று குறையை நாற்பது சதவீதத்துக்குக் கீழே எழுதிவிட்டார்கள். நாற்பது இல்லையென்றால் எதுவுமே இல்லை. அழுக்குச் சட்டையோடு கூட்டி வந்திருக்க வேண்டும் போல என்று நான் முனகியபோது, நீ மட்டும் ஜன்னல் அருகே நின்று, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது, மறுபரிசீலனைக்கு எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டாய். குரலை உயர்த்தவில்லை. பதினான்கு மாதம் விடவில்லை. நம் தெருவில் இருந்து படித்துப் போன பிள்ளைகள் பலர் உண்டு. இப்படி நின்றவள் நீ ஒருத்திதான். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

ஆனால் ஊருக்கெல்லாம் ஓடுகிறவள் உன் உடம்பைப் பார்ப்பதில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு தீபாவளி வரவில்லை. போன் செய்தால் "பிறகு பேசுகிறேன்" என்கிறாய். தூங்கு அம்மா. முதலில் தூங்கு.

பெண் பார்க்க வந்து மூன்று இடம் தட்டிப்போனதை நீ மனதில் வைத்திருக்கிறாயோ என்று அம்மா கவலைப்படுகிறாள். அண்ணன் திருப்பூரில் வேலை செய்கிறான் என்று முதல் இருவரிடம் நான் சொன்னேன். மூன்றாவது இடத்தாரிடம் நீ நேராகவே சொல்லிவிட்டாய். அண்ணனை மறைத்து எனக்கு ஒரு கல்யாணம் வேண்டாம் என்று அன்று சமையலறையில் நீ சொன்னபோது நான் திட்டினேன். நீ சொன்னதுதான் சரி.

மறைப்பது நம் வீட்டில் என்னோடு தொடங்கியது. குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் இருந்ததும், செய்வினை எடுக்கிறேன் என்று வந்தவனுக்கு அம்மாவின் வளையலைக் கொடுத்ததும் உனக்குத் தெரியும். மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கலாம். நான் போகவில்லை. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோமே. 1794 முதல் நோயாளிகளைப் பார்த்துவருகிற ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லித்தான் வகுப்பில் பிள்ளைகள் ஒருவனை ஒருவன் கேலி செய்தார்கள், வாத்தியார்களும் செய்தார்கள். என் மகன் பெயரோடு அந்தச் சொல் ஒட்டிவிடக் கூடாது என்று நினைத்தேன். உன் கல்யாணத்தையும் நினைத்தேன். உனக்கு அப்போது எட்டு வயது.

ஏர்வாடிக்கு அப்படித்தான் போனோம். தர்காவை நான் குறை சொல்ல மாட்டேன், அங்கே எத்தனையோ பேர் அழுது ஆறுதல் பெற்றுப் போவதைக் கண்ணால் பார்த்தேன். சுற்றிலும் கொட்டகை போட்டு மாதப் பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவரிடம் விட்டேன். ஓடிவிடாமல் இருக்கக் கட்டித்தான் வைப்போம் என்று முதலிலேயே சொன்னார். சரி என்று சொல்லித்தான் பணத்தைக் கொடுத்தேன்.

2001 ஆகஸ்ட் 6. விடியற்காலையில் ஒரு கொட்டகை பற்றிக்கொண்டது. சங்கிலியில் கிடந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். வானொலியில் கேட்டுவிட்டு நான் சட்டைப் பொத்தான் போடாமல் பஸ் ஏறினேன். அண்ணன் இருந்தது வேறு கொட்டகை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான், கணுக்காலில் தோல் வழண்டு ஈ மொய்த்தது. என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்: "பாப்பா பள்ளிக்கூடம் போகிறாளா?"

ஒரே வாரத்தில் அரசு எல்லாக் கொட்டகைகளையும் மூடியது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. உரிமம் இல்லாமல் நோயாளிகளை வைத்திருக்கக் கூடாது என்று 1987-லேயே சட்டம் போட்டிருந்தார்கள். சட்டம் இருந்தது, கொட்டகையும் இருந்தது, நடுவில் போய்ப் பார்க்க ஓர் ஆள் இல்லை. மூடிய பிறகு அந்த மனிதர்கள் எங்கே போவார்கள் என்று கேட்கவும் அதிகம் பேர் இல்லை. பலர் எங்களைப் போல வீட்டுக்குத் திரும்பினார்கள். நம் வீட்டில் அந்தப் பத்து வருடம் எப்படிப் போனது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. பின்கட்டுக் கதவுத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்தது என்று உனக்குத் தெரியும். எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்று 2017-ல் வந்த புதுச் சட்டம் சொல்கிறது. தாழ்ப்பாளைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். அம்மாவுக்கும் தெரியாது.

2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு நான் போனேன். நம் தெருவும் மேலத்தெருவும் என் பங்கு. படிவத்தில் ஒன்பதாவது கேள்வி, வீட்டில் ஒவ்வொருவருக்கும் உடலாலோ மனத்தாலோ குறை உண்டா என்பது. உண்டு என்றால் 1, இல்லை என்றால் 2. உண்டென்றால் எந்த வகை என்று எழுத வேண்டும். மனநோய்க்குத் தனி எண் இருந்தது. நம் வீட்டுப் படிவத்தை நான் இரவில் அடுப்படியில் உட்கார்ந்து நிரப்பினேன். அண்ணன் பெயர், வயது 31, மதம் எல்லாம் எழுதினேன். ஒன்பதில் 2 போட்டேன்.

நம் வீடு மட்டும் இல்லை. மேலத்தெருவில் மூன்று வீடுகளில் எனக்குத் தெரிந்தே ஆட்கள் இருந்தார்கள். இல்லை என்று சொன்னார்கள், நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்டால் உங்கள் வீட்டில் எப்படி சார் என்று திருப்பிக் கேட்டுவிடுவார்களே. நான்கு படிவத்திலும் 2. அந்த மூவரில் ஒருத்தி, குழந்தை வேலப்பர் கோயில் பக்கம் துணிமூட்டையோடு உட்கார்ந்திருக்கும் அக்கா. அவளுக்கு இன்றுவரை ஓர் அட்டையும் கிடையாது, உதவித்தொகையும் கிடையாது.

அதற்குப் பிறகுதான் நான் பெரிய மனிதனைப் போலத் திங்கட்கிழமை மனுக்கள் கொடுக்கத் தொடங்கினேன். மலைக்கு மாதம் ஒரு முறையாவது மனநல மருத்துவர் வர வேண்டும், மருந்தை இங்கேயே கொடுக்க வேண்டும் என்று. ஒரு தடவை ஓர் அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்கள் ஊரில் இப்படி எத்தனை பேர் ஐயா, பதிவில் ஒருவரும் இல்லையே என்றார். எனக்கு முகம் எரிந்தது. கைகூப்பிவிட்டு வெளியே வந்தேன். நீ அரசாங்கத்தைத் திட்டும்போதெல்லாம் நான் சேர்ந்து திட்டாமல் இருப்பது ஏன் என்று கேட்பாய் அல்லவா? இதுதான்.

அந்தக் கணக்கில் நாடு முழுவதும் மனநோய் உள்ளவர்கள் என்று வந்தது 7 லட்சத்து 22 ஆயிரம் சொச்சம். நாலைந்து வருடம் கழித்து பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் எடுத்த ஆய்வில் மனநல உதவி தேவைப்படுகிறவர்கள் சுமார் 15 கோடி என்றார்கள். இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை, வாத்தியாருக்கு அது தெரியும். ஆனாலும் அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கும்போது, இந்த நாட்டில் எத்தனை அடுப்படியில் எத்தனை அப்பாக்கள் 2 போட்டார்களோ என்று நெஞ்சு கனக்கிறது. 2027-ல் மறுபடியும் எடுக்கப்போகிறார்கள். மேலத்தெரு வீடுகளுக்கு நான் இப்போதே போய்ப் பேசத் தொடங்கியிருக்கிறேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். மறுபடியும் போவேன்.

நான் கணக்கில் இருந்து எடுத்துவிட்ட அண்ணனை, அடுத்த வருடமே நீ மதுரைக்குக் கூட்டிப்போய் வரிசையில் நிறுத்தினாய். உனக்கு இருபது வயது. உன் உதவித்தொகைப் பணத்தில் டிக்கெட் எடுத்தாய். இன்று அவன் களை எடுக்கிறான், கணக்குப் பார்க்கிறான், மழை வந்தால் காயப்போட்ட பூண்டை எனக்கு முன்னால் ஓடி அள்ளுகிறான்.

சுற்றி வளைத்தது போதும். எதிர்வீட்டுக்காரர்கள் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள் அப்பா, சுவர் வழியாகக் கேட்கிறது என்று அந்த இரவில் கூப்பிட்டபோது நீ சொன்னாய். 1998-ல் அண்ணன் விடுதியில் இருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து, பக்கத்து அறைக்காரர்கள் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள் அப்பா என்றான். படிக்கச் சோம்பல்பட்டுக் கதை கட்டுகிறான் என்று கன்னத்தில் அறைந்தேன். அவன் என்னிடம் சொன்ன முதல் சொல்லுக்கு நான் கொடுத்த பதில் அது. அதன் பிறகு மூன்று மாதம் அவன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

அவர்கள் உண்மையிலேயே பேசலாம். கல்யாணம் ஆகாமல் நகரத்தில் இருக்கும் பெண்ணைப் பற்றி வாய் கூசாமல் பேசுகிறவர்கள் உண்டு. அப்படியானால் வீடு மாற்றுவோம். இல்லை, தூக்கம் இல்லாததால் வருவது என்றாலும், வேறு எதுவாக இருந்தாலும், நீ என்னிடம் சொன்னது நல்லது. 14416 என்று ஒரு மனநல உதவி எண் இருக்கிறது, அரசாங்கத்தினுடையது, காசு இல்லை, இரவு இரண்டு மணிக்கும் தமிழில் பேசுவார்கள். நானே ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பெண் பேசினாள், அவசரப்படுத்தவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை, பாப்பா தூங்கவில்லையாம் என்று மட்டும். கொஞ்ச நேரம் பூண்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது பயமாக இருக்கும் அப்பா, நானும் வருகிறேன்" என்றான். வரும் வெள்ளிக்கிழமை இரவு கொடைக்கானல் ரோட்டில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறுகிறோம், இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று. எழும்பூருக்கு நீ வர வேண்டாம், அந்த நேரத்தில் தூங்கு. முகவரியைத் தாளில் எழுதி அண்ணன் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், அவன் அதை ஐந்து தடவை எடுத்துப் பார்த்துவிட்டான். அவனுக்குக் காலையில் மாத்திரைக்கு முன்னால் ஏதாவது சாப்பிட வேண்டும், இரண்டு இட்லி போதும்.

அன்புடன்,
அப்பா