அது ஒதுக்கீடு இல்லை, உச்சவரம்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிளவுடில் சும்மா கிடக்கும் சர்வர்களைக் குறைந்த வாடகைக்கு எடுக்கும் 'ஸ்பாட்' முறை பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதையெல்லாம் தமிழில் எழுதுவதற்கே முதலில் நன்றி. ஆனால் கோட்டா என்பதை 'ஒதுக்கீடு' என்று போட்டிருக்கிறீர்கள், அதுதான் உறுத்துகிறது. ஒதுக்கீடு என்றால் நமக்கென்று எடுத்து வைத்தது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஸ்பாட்டில் யாருக்கும் எதுவும் எடுத்து வைப்பதில்லை. இதற்கு மேல் கேட்க முடியாது என்ற வரம்பு மட்டும்தான் அது.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். என் கணக்கில் கோட்டா 64 விசிபியு (சர்வரின் பிராசசர் திறனை எண்ணும் அலகு). 16 விசிபியு சர்வர் நான்கு கேட்டேன், இரண்டுதான் வந்தன, மீதி இரண்டுக்கு அங்கே காலி சர்வர் இல்லை. சரி, சின்னதாக எடுத்துக்கொள்வோம் என்று ஓடிய இரண்டையும் நிறுத்திவிட்டு 8 விசிபியு சர்வர் எட்டு கேட்டால், வரம்பு தாண்டிவிட்டது என்று வருகிறது! திரையில் ஒரு சர்வர்கூட ஓடவில்லை. அரை நாள் தேடிய பிறகுதான் புரிந்தது, கிடைக்காமல் காத்திருந்த அந்த இரண்டு கோரிக்கைகளும் 32 விசிபியுவைப் பிடித்து வைத்திருந்தன. அவற்றை ரத்து செய்ததும் வேலை நடந்தது.

அமேசானில் இந்த வரம்பு ஒவ்வொரு ரீஜனுக்கும் (சர்வர்கள் இருக்கும் வட்டாரம்) தனி, சர்வர் வகைக்கும் தனி. சி, எம், ஆர், டி போன்ற சாதாரண வகைகள் ஒரே கோட்டாவில் வரும், ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) உள்ள பி, ஜி வகைகளுக்கு வேறு வேறு கோட்டா. எண்ணுவது சர்வரை இல்லை, விசிபியுவை. பி வகையில் வரும் பி4டி சர்வர் ஒன்றே 96 விசிபியு, அதனால் 64 கோட்டா வைத்திருப்பவரால் அதில் ஒன்றைக்கூடத் தொட முடியாது. மைக்ரோசாஃப்டின் அஸூரில் எல்லா வகைக்கும் சேர்த்து ரீஜனுக்கு ஒரே ஸ்பாட் கோட்டா. கூகுளில் இதற்கென்று தனி கோட்டா கேட்டு வாங்காவிட்டால் வழக்கமான கோட்டாவிலிருந்தே கழியும்.

அப்புறம், 90 சதவீதம் வரை மலிவு என்று எழுதும் இடத்திலேயே இதையும் சேர்த்து எழுதுங்கள்: கோட்டா தீர்ந்தால் வரும் பிழை வேறு, அந்தப் பக்கம் சர்வரே காலியில்லை என்று வரும் பிழை வேறு. முதலாவதற்கு வரம்பை உயர்த்தச் சொல்லி விண்ணப்பிக்கலாம். இரண்டாவதற்கு எவ்வளவு உயர்த்தினாலும் பயனில்லை, வேறு அளவோ வேறு ரீஜனோ பார்க்க வேண்டியதுதான். கோட்டா நிறைய இருக்கிறது என்பதற்காக ஓடும் சர்வரை விட்டுவைக்கவும் மாட்டார்கள், அவர்களுக்குத் தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அமேசான் 2 நிமிடம் முன்னால் சொல்லும், அஸூரும் கூகுளும் 30 வினாடிதான் தரும்.

புதிதாகக் கற்கும் மாணவர்கள் உங்கள் கட்டுரையை நம்பித்தான் கணக்குத் தொடங்குவார்கள். அடுத்த முறை 'உச்சவரம்பு' என்றே எழுதுங்கள், இல்லையென்றால் கோட்டா என்றே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்